நன்னாரி சர்பத்

மலையாளத்தில் நறுநீண்டி எனப்படும் நன்னாரியின் மணம் வேர்த்தோலில் இருக்கிறது. திருவனந்தபுரத்து வீடுகளில் சர்பத்துக்கு வேரைக் கழுவி நசுக்கி, நடுவிலுள்ள கட்டை நரம்பை உருவி எறிந்துவிடுவார்கள். மணம் தரும் பொருள், வனிலா மணத்துக்குக் காரணமான வனிலினுக்கு வேதியியலில் நெருங்கிய சொந்தம், ஆவியோடு பறந்துவிடும். ஆகவே வேரைக் கொதிக்கவிடாமல், வெந்நீரில் இரவு முழுக்க மூடி ஊறவைப்பதே நல்லது. வடித்த நீரில் சர்க்கரை கரைந்தால் பாகு தயார்.

தம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு, அரை எலுமிச்சையின் சாறு, குளிர்ந்த நீர், ஊறிய கசகசா. (சர்பத்தில் பெயர்தான் கசகசா, உண்மையில் அது திருநீற்றுப்பச்சிலை விதை.) பாகு கனமானது, அடியில் தங்கும். நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலாக, நிதானமாகக் கலக்க வேண்டும். குலுக்கியே செய்யும் ‘குலுக்கி சர்பத்’ போல ஆட்டினால் நுரை பொங்கி, தேன்நிறத் தெளிவு கலங்கிவிடும்.