புகைபோக்கியும் ஒரு முகமும்

இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் நிறுவனத்தின் உருக்காலைகள் இருந்த நிலத்தில் இன்று திருமுக ஆலயம் நிற்கிறது. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்த இது 2006 டிசம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. ஆலை மூடிய பிறகு வந்த அடுக்ககங்களுக்கு ஒரு பங்குக் கோயில் வேண்டும் என்பது முதல் தேவை. அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களுக்கும் இந்தக் கட்டடம் ஏதாவது சொல்லவேண்டும் என்பது இன்னொன்று. போட்டா இரண்டையும் ஏற்றுக்கொண்டார். முதலாவதில் அவர் பெற்ற வெற்றி அரியது. இரண்டாவதில் பாதியில் நின்றுவிட்டார்.

உள்ளே போவோம். எழுகோண வடிவத் தரை; அதைச் சுற்றி ஏழு கோபுரங்கள். ஒவ்வொன்றும் தன் உச்சியில் ஒளியை வாங்கிக் கீழே இறக்குகிறது. வெளியிலிருந்து கோட்டைபோல் இறுகித் தெரியும் அதே சுவர்கள், உள்ளே வந்தவரின் பார்வையைப் பீடத்தை நோக்கி நடத்துகின்றன. பீடத்தின் பின்சுவரில் ஒரு முகம். சாயம் இல்லை, செதுக்கிய சிலையும் இல்லை. சிறுசிறு கற்களை வெவ்வேறு விதமாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள். சில ஒளியைத் திருப்புகின்றன, சில விழுங்குகின்றன. கிட்டப்போனால் கல்தான் இருக்கிறது. விலகி நின்றால், இயேசுவின் உடலைப் போர்த்தியதாகப் பலர் நம்பும் டூரின் சவத்துணியில் உள்ள முகம் எழுந்து வருகிறது.

இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இருக்க முடியாது. 1898இல் செக்கோண்டோ பியா அந்தத் துணியை முதன்முதலாகப் படம் எடுத்தபோது, நெகட்டிவ் தகட்டில்தான் முகம் துலங்கியது. ஒளியும் நிழலும் இடம் மாறியதும் புலப்பட்ட முகம் அது. நூறு ஆண்டுக்குப் பின் போட்டா அதே நிகழ்வைக் கல்லில் நடத்திக்காட்டுகிறார். 1988இல் நடந்த கரிமக் காலக்கணிப்பு அந்தத் துணியை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றது. அந்த வழக்கில் இச்சுவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. தான் ஒரு படிமம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவதால், ஐயமுள்ளவரும் அதன் முன் நேர்மையாக நிற்க முடிகிறது. நம் காலத்துச் சமயக் கலையில் இவ்வளவு துணிவும் அடக்கமும் சேர்ந்த படைப்புகள் மிகக் குறைவு.

வெளியே வந்தால்தான் உறுத்தல். ஆலையின் பழைய புகைபோக்கியை இடிக்காமல் காத்தார்கள். அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைச் சுற்றித் திருகிய எஃகுச் சட்டம் ஒன்றை ஏற்றி, உச்சியில் சிலுவை நாட்டி, மணிக்கோபுரத்தின் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். எஃகு மின்னுகிறது, புகை கக்கிய தூணோ அதற்குள் ஒடுங்கிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கட்டட வடிவம் ஒதுக்கிய இடமே இந்தத் தூண்தான். அதற்கும் புத்தாடை உடுத்தியபின் அவன் எங்கே நிற்பான்?

பக்கத்திலுள்ள தோரா பூங்காவைப் பாருங்கள். ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸின் அலுவலகம் அங்கே ஆலைக்கூடத்தின் நெடிய எஃகுத் தூண்களை நின்றபடியே விட்டது. அவற்றின் அடியில் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். ஆலை எவ்வளவு பெரியது, மனிதன் அதற்குள் எவ்வளவு சிறியவன் என்பது அங்கே உடம்புக்கே தெரிகிறது. புகைபோக்கி தர வேண்டியிருந்த அறிவு அது.

பழங்கதைக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்கலாம். ஆலயம் அர்ச்சிக்கப்பட்டு ஓராண்டு நிறைய இரண்டு நாள் இருந்தது. 2007 டிசம்பர் 6 பின்னிரவில் அதே நகரின் தைசன்குருப் உருக்காலையில் தீப்பற்றியது. ஒரு தொழிலாளி அன்றே இறந்தார். அறுவர் அந்த மாதத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். டூரினில் உருக்குத் தொழிலின் துயரம் நினைவுப்பொருளாகச் சமைந்துவிடவில்லை என்று அந்த ஏழு சாவுகள் காட்டின. அலங்கரித்த புகைபோக்கியோ அது முடிந்துபோன கதை என்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: வழிபாட்டுக்கூடமாகத் திருமுக ஆலயம் முதல்தரப் படைப்பு, தொழிலாளரின் நினைவிடமாகக் குறைபட்டது. குறையைத் தீர்க்க ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டாம். உச்சியில் சிலுவை இருக்கட்டும். சுற்றியுள்ள எஃகை மட்டும் கழற்றிவிட்டு, அந்தத் தூணை வேலை ஓய்ந்த அன்று இருந்த கோலத்தில் நிற்கவிடலாம்.