கருந்துளைக் கதிர்வீச்சும் என்ட்ரோபிக் கணக்கும்

கருந்துளையில் விழுந்த பொருளைப் பற்றிய தகவல் அதன் கதிர்வீச்சில் எஞ்சியிருக்கிறதா, அடியோடு அழிந்துவிடுகிறதா என்று அரை நூற்றாண்டாகப் பௌதிக அறிஞர்கள் நடத்திவரும் விவாதம், இன்று பெரும்பாலும் கதிர்வீச்சின் நிலையைப் பற்றிய அறியாமையை அளக்கும் என்ட்ரோபி என்னும் ஒரே அளவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. அம்முறை பெற்றுத்தந்த பலன்கள் அரியவை. ஆயினும் அதனையே இறுதிப் பிரமாணமாகக் கொள்வது பொருந்தாது என்பது என் துணிபு.

கருந்துளையின் என்ட்ரோபி, ஒளியும் மீளாத எல்லையான அதன் நிகழ்வெல்லையின் பரப்புக்கு விகிதசமமானது என்று 1970-களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் கூறினார். கருந்துளைக்கு உஷ்ணநிலையும் உண்டு, கதிர்வீசித் தேய்ந்து அது மறையும் என்று 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் கணக்கிட்டுக் காட்டினார். வெறும் வெப்பமாகவே வெளிவரும் அக்கதிர்வீச்சில், விழுந்த பொருளின் அடையாளம் எதுவும் இராது என்றும், ஆகவே நிகழ்காலத்திலிருந்து கடந்தகாலத்தை மீட்டறியலாம் என்ற குவாண்டம் நியதி அங்கே முறிகிறது என்றும் 1976-இல் அவர் வாதிட்டார்.

இந்தத் தத்துவ விவாதத்தைக் கணித விவாதமாக மாற்றியதே என்ட்ரோபி முறையின் முதற் சிறப்பு. தகவல் அழியாதெனில், கதிர்வீச்சின் நுண்ணிய என்ட்ரோபி முதலில் ஏறி, கருந்துளையின் குறைந்துவரும் என்ட்ரோபியை எட்டியதும் திரும்பி, முடிவில் சூனியத்தை அடையும் வளைவாக அமைய வேண்டும் என்று 1993-இல் டான் பேஜ் நிறுவினார். ஹாக்கிங் கணக்கிலோ அது இறுதிவரை ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் திருப்பம் நிகழும் வேளையில் கருந்துளை இன்னும் பிரம்மாண்டமாகவே இருப்பதால், அந்திமக் கணத்தில் அறியப்படாத விதிகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற சமாதானத்துக்கு இடமில்லாமற் போயிற்று. 2019-இல் ஜெஃப் பெனிங்டனும், தனியாக ஆல்மெய்ரி முதலிய நால்வரும், கருந்துளையின் உட்புறத்தில் ஒரு பகுதியைக் கதிர்வீச்சோடு சேர்த்தெண்ணும் விதியால், ஈர்ப்பியலின் வழியிலேயே அவ்வளைவு இறங்குவதைக் கண்டது இம்முறையின் உன்னத வெற்றி.

குறைகளும் உண்டு. அவ்வெற்றியின் தெளிவான கணக்குகள் பல, நம் பிரபஞ்சத்தைப் போலன்றி எதிர்மறை வளைவுடைய வெளியில், ஈர்ப்பில்லாத ஒரு புறமண்டலத்துக்குள் கதிர்வீச்சை வடியவிட்டுச் செய்யப்பட்டவை. இதைவிட ஆழமானது, என்ட்ரோபி என்பது ஓர் அளவே என்பது. ஏட்டின் ஓலைகளை எண்ணி அது குறைவின்றி வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். அதில் எழுதியிருப்பதை அந்த எண் சொல்லாது. எப்பொருள் விழுந்தாலும் கதிர்வீச்சு முடிவில் ஒரே தூய குவாண்டம் நிலையை அடைவதாக வைத்துக்கொள்வோம்: அப்போதும் என்ட்ரோபி சூனியமே, ஆயினும் தகவல் முற்றிலும் அழிந்ததே. எனவே என்ட்ரோபி வளைவு இறங்குவது தகவல் மீள்வதற்கு அவசியமான நிபந்தனை. போதுமான நிபந்தனை ஆகாது. ஹாக்கிங்கின் கணக்கு எந்தப் படியில் தவறியது, எந்த நுண்தொடர்பின் வழியே தகவல் வெளியேறுகிறது என்பவற்றையும் அது விளக்குவதில்லை.

பலனும் குறையும் இவ்வாறு இருப்பதால், இக்கணக்கைக் கைவிடுதல் அறிவீனம். அதனோடு நிறைவடைதலும் தகாது. நிறையும் மின்னூட்டமும் சுழற்சியும் ஒத்த இரு வேறு பொருள்கள் விழுந்தால், அவற்றின் கதிர்வீச்சுகள் எங்கே, எவ்விதம் வேறுபடுகின்றன என்று நேராகக் காட்டும் கணக்கே தகவல் பிழைத்ததென்பதற்கு நிறைவான சான்றாகும். ஆராய்ச்சியின் உழைப்பு இனி அதை நோக்கியே செல்ல வேண்டும்.