பேத்ரோ தெ காந்தே: கடிதங்களும் இசைக்கல்வியும்

பேத்ரோ தெ காந்தே (1480 அளவில் – 1572) மெக்சிகோவில் ஐரோப்பிய முறைக் கல்வியைத் தொடங்கி வைத்த பிரான்சிஸ்கன் சபைத் துறவி. நாவா மக்களுக்கு எழுத்து, இசை, கைத்தொழில் ஆகியவற்றைச் சுமார் ஐம்பது ஆண்டுகள் கற்பித்தவர். இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகர்ப் பகுதியைச் சேர்ந்தவர். ‘கெண்ட் நகரத்துப் பேதுரு’ என்பதே பெயரின் பொருள். குருப்பட்டம் பெறாமல் இறுதிவரை சபையின் எளிய சகோதரராகவே வாழ்ந்தார்.

மெக்சிகோவில் அவர் அமெரிக்கக் கண்டத்தின் முதல் ஆசிரியர் என்று போற்றப்படுகிறார். அவரைக் காலனியாதிக்கத்தின் கருவி என்று மட்டும் காணும் பார்வையும் உண்டு. அவரது கடிதங்களைக் கால வரிசையில் வாசிக்கும்போது இவ்விரு முடிவுகளுமே போதாதவை என்று தெரிகிறது.

வருகை

ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் 1521 ஆகஸ்டில் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1523 ஆகஸ்டில், பிளெமிஷ் துறவிகள் மூவர் வேராகுரூஸ் கரையில் இறங்கினர். ஹுவான் தெ தெக்தோ, ஹுவான் தெ ஆவோரா ஆகிய மற்ற இருவரும் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிட, காந்தே மட்டும் எஞ்சினார். முதலில் தெஸ்கோகோவிலும், பின்னர் மெக்சிகோ நகரில் சான் பிரான்சிஸ்கோ மடத்தை ஒட்டியிருந்த சான் ஹோசே தெ லோஸ் நாத்துராலெஸ் தேவாலயத்திலும் பள்ளி நடத்தினார். வாசிப்பு, எழுத்து, பாட்டு, வாத்தியம் ஆகியவற்றோடு ஓவியம், சிற்பம், தையல், தச்சு, கொல்லுவேலை ஆகியவையும் அங்கே கற்பிக்கப்பட்டன.

காந்தேவுக்குத் திக்குவாய் இருந்தது. அவர் பேசுவது சக துறவிகளுக்கே புரியாது, ஆனால் நாவா மக்கள் தம்மில் ஒருவரைப் போல அவரைப் புரிந்துகொண்டனர் என்று வரலாற்றாசிரியரான மெந்தியேத்தா பதிவு செய்கிறார்.

1529: இடிப்பின் பெருமிதம்

காந்தே தன் நாட்டுத் துறவிகளுக்கு 1529-ல் எழுதிய கடிதம் அவரது இளமை வேகத்தைக் காட்டுவது. தாய்மொழியே மறந்துபோய்விட்டது என்று அதில் சொல்கிறார். பகலில் எழுத்தும் பாட்டும், இரவில் மறைக்கல்வியும் கற்பித்ததை விவரிக்கிறார். தானும் ஒரு துணைவரும் சேர்ந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகக் கணக்குச் சொல்கிறார். தேர்ந்த மாணவர்களை ஊர் ஊராக அனுப்பியதையும், அவர்கள் சிலைகளையும் கோயில்களையும் அழித்ததையும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்த மாணவர்கள் பெரும்பாலும் பிரபுக்களின் பிள்ளைகள். பழைய வழிபாட்டை மறக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோருடன் தொடர்பின்றி மடத்துக்குள் வைக்கப்பட்டவர்கள்.

கடிதத்தில் தயக்கமோ வருத்தமோ இல்லை. காந்தேயைப் போற்றும் நூல்கள் பலவும் இப்பகுதியை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. பாட்டுக் கற்ற பிள்ளைகளும் தங்கள் தந்தையரின் கோயில்களை இடித்த பிள்ளைகளும் ஒருவரே என்பதைச் சொல்லாமல் இந்தப் பள்ளியின் கதையைச் சொல்ல முடியாது.

1558: பாட்டின் கண்டுபிடிப்பு

ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு 1558-ல் எழுதிய கடிதத்தில் காந்தே அந்த முதல் ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கிறார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுமக்கள் தேவாலயத்தின் பக்கமே வரவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அம்மக்களைப் பற்றி அங்கே அவர் பயன்படுத்தும் சொற்கள் இழிவானவை. ஆனால் அதே பத்தியிலேயே பார்வை மாறுகிறது. அவர்களை மெல்ல அறியத் தொடங்கியபோது, அவர்களின் வழிபாடு முழுவதும் தெய்வத்தின் முன் பாடுவதும் ஆடுவதுமே என்று கண்டதாக எழுதுகிறார்.

அதன்பின் அவர் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கருவாகக் கொண்ட பாடல்களை இயற்றினார். ஆட்டத்தின்போது போர்த்திக்கொள்ளும் துணிகளுக்கு ஏற்ற ஓவியங்களை வரைந்து கொடுத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சுற்றுவட்டார மக்களை அழைத்தார். கூட்டம் திரண்டது. பிரசங்கத்தால் வராதவர்கள் பாட்டுக்கு வந்தார்கள்.

காந்தேயின் முதன்மைப் பங்களிப்பு இதுவே. ஒரு மக்கள்திரள் தெய்வத்தோடு எம்மொழியில் பேசுகிறது என்பதை அவர் கவனித்தார். வார்த்தையை மாற்றினார், ஆடும் உடலையும் பாடும் முறையையும் விட்டுவைத்தார். இதை மதமாற்ற உத்தி என்று சொல்லலாம், அவரும் மறுக்கமாட்டார். ஆனால் உத்தி வகுப்பதற்குக்கூட முதலில் எதிரே இருப்பவரைக் கவனிக்க வேண்டியிருந்தது. 1529-ஆம் ஆண்டுக் கடிதத்தில் அந்தக் கவனிப்பு இல்லை.

மாணவர்களின் இசை

காந்தே இயற்றியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க இசைப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. எனவே அவரை இசையமைப்பாளராக மதிப்பிட வழியில்லை. மாணவர்களின் திறனைக் கொண்டே அவரது ஆசிரியப் பணியை மதிப்பிட வேண்டும். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு 1532-ல் எழுதிய கடிதத்தில், தன் பாடகர்கள் பேரரசரின் தேவாலயத்திலேயே பாடத் தகுந்தவர்கள் என்கிறார். இதை ஆசிரியரின் பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. மோத்தோலினியா எழுதிய வரலாற்றில், தலாஸ்கலாவைச் சேர்ந்த பழங்குடிப் பாடகர் ஒருவர் ஒரு முழுத் திருப்பலி இசையைத் தானே இயற்றிய செய்தி உள்ளது. ஐரோப்பியப் பல்குரல் இசை அங்கே வேர்கொள்ள ஒரு தலைமுறைக் காலம்கூட ஆகவில்லை.

விரைவில் திருச்சபையே இந்த வளர்ச்சியைக் கண்டு கவலைகொண்டது. 1555-ல் கூடிய முதல் மெக்சிகோ மாகாணச் சங்கம் புதிய எக்காளங்கள் வாங்குவதைத் தடுத்தது. நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் சிரிமியா, புல்லாங்குழல் ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தது. பாடகர்களைக் குறைக்கச் சொன்னது. 1561-ல் அரச ஆணையும் இதையே வலியுறுத்தியது. தேவாலய இசைக்கலைஞர்கள் பல ஊர்களில் கப்பத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தது இதற்கு ஒரு காரணம். வயல்வேலையிலும் கப்பத்திலும் நசுங்கிய ஒரு சமூகத்தில் குழல் ஊதத் தெரிந்தவனுக்கு ஒரு மதிப்பும் கொஞ்சம் மூச்சுவிடும் இடமும் கிடைத்தன. காந்தே இதைத் திட்டமிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரது பள்ளியின் பெரிய சமூக விளைவுகளில் இதுவும் ஒன்று.

1552: பசியைப் பற்றிய கடிதம்

இவ்விரு கடிதங்களுக்கும் இடையே, 1552-ல் ஐந்தாம் சார்லஸுக்கு எழுதியது தொனியில் வேறுபட்டது. கட்டாய உழைப்பும் கப்பமும் மக்களை அழிக்கின்றன என்று அதில் முறையிடுகிறார். உணவு தேடவே நேரமில்லாதவர்கள் மறைக்கல்விக்கு எப்படி வருவார்கள் என்பதே அவரது வாதத்தின் சாரம். வாதம் மதம் சார்ந்ததுதான், ஆனால் அதன் நடுவே இருப்பது பசித்த மனிதன். தனக்கு வயதாகிவிட்டது, தான் இறந்தபின் மக்கள் தனிமையை உணராதிருக்கத் தன் ஊர்ப் பகுதித் துறவிகளை அனுப்புங்கள் என்றும் கேட்கிறார். திருமுழுக்குகளின் எண்ணிக்கையைச் சொன்ன 1529-ஆம் ஆண்டின் குரலை இங்கே காணமுடியவில்லை.

ஆனாலும் இக்கடிதங்களுக்கு ஒரு பெரிய குறை உண்டு. மாணவர்கள் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். எவருக்கும் பெயரோ சொல்லோ இல்லை. மடத்துக்குள் வைக்கப்பட்ட பிள்ளை என்ன நினைத்தான், அவனது தாய் என்ன செய்தாள் என்பதை இக்கடிதங்களிலிருந்து அறியவே முடியாது.

மதிப்பீடு

காந்தே 1572-ல் மெக்சிகோ நகரில் காலமானார். அவரது நாவாட்டில் மொழி மறைக்கல்வி நூல் 1553-ல் அச்சானது. சித்திரங்களால் ஆன ஒரு சிறிய மறைக்கல்விச் சுவடியும் அவர் பெயரில் மாட்ரித் தேசிய நூலகத்தில் உள்ளது. அவருடன் தொடர்புடைய தியேகோ வலாதேஸ் 1579-ல் வெளியிட்ட நூலின் செதுக்கோவியத்தில் காந்தே படங்களைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துகிறார்.

இன்னொரு பிரான்சிஸ்கன் துறவியான சாககுன் 1583-ல் நாவாட்டில் மொழியில் ஒரு கிறிஸ்தவப் பாடல் தொகுப்பை வெளியிட்டார். மக்கள் இன்னும் பழைய பாடல்களையே பாடுகிறார்கள் என்பது அதன் முன்னுரையில் உள்ள குறை. காந்தே தன் முதல் பாடலை இயற்றி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பணி முடிந்திருக்கவில்லை. மதப்பணியாளராக இது அவரது தோல்வி எனலாம். ஆனால் பாடலின் வடிவத்தை விட்டுவைத்தவர் அவர், அந்த வடிவத்துக்குள் அம்மக்கள் தங்கள் நினைவையும் வைத்துக்கொண்டார்கள். கோயில்கள் இடிந்த நாட்டில் அவர்களுக்குப் பாடுவதற்கு ஓர் இடம் எஞ்சியதில் காந்தேவுக்கும் பங்குண்டு. அக்கோயில்கள் இடிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.