பேச்சுச் சுதந்திரமும் பேசியோர் கொடுத்த விலையும்

ஜனநாயகத்தைப் பற்றி எழுதப்படும் எந்த நூலும் பேச்சுச் சுதந்திரத்தை விதந்து கூறாது விடுவதில்லை. 1644 இல் அச்சு அனுமதி முறையை எதிர்த்து மில்டன் எழுதியது முதல் 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் வரை அதன் வரலாறு ஒரு வெற்றி வரலாறாகவே கற்பிக்கப்படுகின்றது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 14(1)(அ) உறுப்புரையில் பிரஜை ஒவ்வொருவருக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தையும் வழங்குகின்றது. ஆயினும் ஓர் உரிமை ஏட்டில் உள்ளதா என்ற வினாவும் அது வாழ்வில் உள்ளதா என்ற வினாவும் வெவ்வேறானவை. பேசுவதற்குத் தடை உண்டா என்று கேட்பதோடு அமைபவர் முதல் வினாவுக்கே விடை காண்கின்றார். பேசியவர் பேசிய பின் என்ன ஆனார் என்று கேட்கும்போதே இரண்டாம் வினா தொடங்குகின்றது.

இவ்விரண்டாம் வினாவை எழுப்புவதற்கு அம்பாறைக் கரையோரம் பொருத்தமானதொரு நிலைக்களமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் நாட்டளவில் மொழியாலும் மதத்தாலும் சிறுபான்மையினர். தம் ஊர்களிலோ அவர்களே பெரும்பான்மையினர். எனவே பேச்சுக்கு விலை கொடுப்போரின் நிலையையும் பேச்சுக்கு விலை விதிப்போரின் நிலையையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு இவ்வூர்களுக்கு உண்டு.

முதலில் சட்டத்தை நோக்கலாம். 14 ஆவது உறுப்புரை தரும் உரிமையை 15 ஆவது உறுப்புரை எல்லைப்படுத்துகின்றது. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, மானநட்டம், குற்றம் புரியத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என எல்லைகளின் பட்டியல் நீள்கின்றது. 1983 இல் வந்த ஆறாவது திருத்தம் தனிநாட்டுக்காக வாதிடுவதையே தடைசெய்தது. நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றை அரசியலமைப்புக்கு முரணானதெனப் பின்னர் நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த 80(3) ஆவது உறுப்புரை இடமளிப்பதில்லை. உரிமை ஒரு வரியிலும் விலக்குகள் பல வரிகளிலும் அமைந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இது சுதந்திரமே அன்று எனத் தீர்ப்புரைப்போர் உளர்.

அத்தீர்ப்பு அவசரமானது. எல்லைகள் தேவை என்பதற்கு இம்மாவட்டமே சான்று தருகின்றது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவுடன் கருத்தடை மருந்து கலக்கப்படுவதாகப் பரப்பப்பட்ட கதையைத் தொடர்ந்து உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மருந்து எனக் கூறப்பட்டது வெறும் மாவுக் கட்டியே என அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் தெளிவுபடுத்தியது. ஆனால் அறிக்கை வருமுன்பே கதை திகனை வரை பரவி, மார்ச் மாதத்துக் கண்டிக் கலவரத்துக்கும் எண்ணெய் வார்த்திருந்தது. பொய்ச் சொல் தீயாகும் நாட்டில், எல்லையற்ற பேச்சைக் கோருவோர் எரியும் வீட்டில் வாழ்வோரின் நிலையை எண்ணாதோரே ஆவர். ஆகவே எல்லை உண்டா என்பது வினாவன்று. அந்த எல்லை யார்மீது, எந்த ஒழுங்கில் பிரயோகிக்கப்படுகின்றது என்பதே வினா.

இவ்விடத்தில் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் கூர்ந்து நோக்கத்தக்கது. குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துவதாகக் கூறி இயற்றப்பட்ட சட்டம் இது. அச்சமவாயத்தின் 19 ஆவது உறுப்புரை பேச்சுரிமையை வழங்குகின்றது. 20 ஆவது உறுப்புரை வெறுப்பைத் தூண்டும் பேச்சைத் தடுக்கின்றது. இலங்கைச் சட்டம் 20 ஐ எடுத்துக்கொண்டது. 19 ஐ எடுக்கவில்லை. அரசியலமைப்பில் அது ஏலவே உள்ளது என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் எவ்வாறாயினும், சட்டத்தின் 3 ஆவது பிரிவின்கீழ்ச் சந்தேகத்தில் கைதாகும் ஒருவருக்கு மேல் நீதிமன்றம் மாத்திரமே, அதுவும் விசேட சூழ்நிலையில் மாத்திரமே, பிணை வழங்கலாம். சிறுபான்மையினரைக் காக்கும் வேலி எனக் கருதப்பட்ட இப்பிரிவு எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சில நிகழ்வுகள் காட்டும்.

சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் 1 ஆம் திகதி இப்பிரிவின்கீழ்க் கைதானார். ஒகஸ்ட் மாதமே பிணையில் வந்தார். அவர்மீது வழக்குத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் முடிவுசெய்தது 2021 இல். முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவினாலும் கணினியின் விசைப்பலகையினாலும் எதிர்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் முகநூலில் எழுதிய ரம்சி ராசிக் 2020 ஏப்ரல் 9 ஆம் திகதி கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. மன்னார்ச் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2017 இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அத்தொகுதியில் வன்முறையையும் தீவிரவாதத்தையும் எதிர்க்கும் கவிதைகளே உள்ளன என்பதைத் தமிழ் அறிந்தோர் எடுத்துரைத்தும், ஏறத்தாழ 19 மாதங்களின் பின்னர் 2021 டிசம்பரிலேயே அவருக்குப் பிணை கிட்டியது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இம்மூன்று நிகழ்வுகளின் முடிவுகளை மட்டும் நோக்குபவர், நீதி வென்றது என மகிழலாம். அவற்றின் ஒழுங்கை நோக்குபவருக்கு அம்மகிழ்ச்சி நிலைப்பதில்லை. முதலில் சிறை, பின்னர் விசாரணை, இறுதியில் குற்றமற்றவர் என்ற அறிவிப்பு. இதற்கு எதிர்நிலையில், 2016 இல் இஸ்லாத்தை இழித்துரைத்தமைக்காக ஞானசார தேரருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது 2024 மார்ச்சில். அங்கே எட்டு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பும் அதன் பின் தண்டனையும் வந்தன. இங்கே தண்டனை முந்தித் தீர்ப்புப் பிந்தியது. எழுதப்பட்ட சட்டம் யாவருக்கும் ஒன்றாயிருக்க, அது நடக்கும் ஒழுங்கு ஆளுக்கேற்ப மாறுமாயின், சமத்துவம் அந்த ஒழுங்கிலேயே குலைந்துவிடுகின்றது.

தமிழ் இலக்கிய மாணவருக்கு இது புதியதொரு செய்தி அன்று. பாண்டியன் அவையில் கண்ணகி வாதிட்டாள். அரசனை நேருக்கு நேர் குற்றஞ்சாட்டினாள். அவளை எவரும் தடுக்கவில்லை, அரசன் செவிமடுத்தான், பிழையையும் ஏற்றான். பேச்சுச் சுதந்திரத்துக்கு இதனினும் சிறந்த காட்சி வேறு இலக்கியங்களில் அரிது எனலாம். ஆயினும் அக்காட்சி நிகழும்போது கோவலன் உயிருடன் இல்லை. பேசியிருக்க வேண்டியவன் விசாரிக்கப்படாமலே கொல்லப்பட்டபின், அவனுக்காகப் பேசுபவளுக்கு அவை திறக்கின்றது. சிலப்பதிகாரம் அந்த அவையைப் புகழ்ந்து முடியவில்லை, மதுரை எரிகின்றது. காலந்தாழ்ந்து வழங்கப்படும் செவி நீதியாகாது என்பதே அக்காப்பியம் உணர்த்தும் உண்மை.

அரசு மாத்திரமே பேச்சை அடக்குகின்றது எனக் கருதுவது மற்றொரு பிழை. சமுதாயத்தின் கொடுங்கோன்மை அரசின் கொடுங்கோன்மையிலும் ஆழமாக ஊடுருவ வல்லது என 1859 இலேயே ஜோன் ஸ்டூவர்ட் மில் எச்சரித்தார். தமிழுலகில் அதற்குச் சான்றுகள் பல. ‘மாதொருபாகன்’ நாவலுக்கெதிராக எழுந்த ஊர்க் கிளர்ச்சியின் பின்னர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் எனத் தாமே அறிவிக்கும் நிலைக்கு 2015 ஜனவரியில் அந்நாவலாசிரியர் தள்ளப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே அவரது எழுத்துரிமையை மீட்டளித்தது. யாழ்ப்பாணத்தில் ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம, ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பினரையும் விமர்சித்தமைக்காக 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அதனைக் கண்டித்து அம்மண்ணில் நின்று பகிரங்கமாகப் பேசுதல் எத்துணை அரிதாயிற்று என்பதை அந்தக் கொலையின் பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

கிழக்கு முஸ்லிம் ஊர்களும் இவ்விமர்சனத்துக்குப் புறம்பானவை அல்ல. ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பெண்களுக்குப் பாதுகாப்புத் தரும் என 2012 இல் வானொலி நேர்காணலொன்றில் கூறினார். அக்கருத்தை மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. மார்க்க அடிப்படையில் மறுப்போருக்கும் உண்டு. நிகழ்ந்ததோ மறுப்பு அன்று, மிரட்டல். அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 2015 இல் அவர் கொல்லப்பட்டார் என்ற பொய்ச் செய்தியும் பரப்பப்பட்டது. அஹ்னாபின் கவிதைகளுக்காகக் குரல் எழுப்பும் ஒரு சமுதாயம் இந்நிகழ்வைப் பற்றி மௌனம் சாதிக்குமாயின், அது காக்க விரும்புவது பேச்சுச் சுதந்திரத்தையா, தன் ஆட்களை மாத்திரமா என்ற ஐயம் எழுவதைத் தவிர்க்க முடியாது. தமக்குப் பிடித்த பேச்சுக்கு எவரும் சட்டப் பாதுகாப்புக் கோர வேண்டியதில்லை. பிடிக்காத பேச்சுக்கே அது தேவைப்படுகின்றது.

இனி, பேச்சின் மறுமுனையாகிய செவியை நோக்க வேண்டும். கொவிட் நோயினால் இறந்தோரை எரித்தல் வேண்டும் என்ற விதி 2020 இல் வந்தது. அடக்கம் செய்தலையும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. முஸ்லிம்கள் பேசினர், மனுக் கொடுத்தனர், வழக்கிட்டனர். 2020 டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவினால் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில், பிறந்து 20 நாளேயான குழந்தையொன்றின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. கொழும்புக் கனத்தை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர், அவை அகற்றப்பட்டன. பேசுவதற்கு எவரும் தடை விதிக்கவில்லை; கேட்பதற்கும் எவரும் இல்லை.

2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கி 7 ஆம் திகதி பொலிகண்டியில் முடிவுற்ற பேரணி இந்நிலையிலேயே புறப்பட்டது. அதற்கெதிராகப் பொலிஸார் நீதிமன்றத் தடையுத்தரவுகளைப் பெற்றிருந்தனர். தமிழர் முன்னின்று நடத்திய அப்பேரணியின் கோரிக்கைகளுள் ஜனாஸா எரிப்பை நிறுத்துதலும் ஒன்று. இக்கரையோர முஸ்லிம்களும் அதில் இணைந்தனர். அடக்கம் செய்யும் அனுமதி அதே மாத இறுதியில் வர்த்தமானியில் வெளிவந்தது. பேரணி மட்டுமே அதற்குக் காரணம் எனக் கூறுதல் மிகை. வெளிநாடுகளின் அழுத்தமும் இருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்களுக்கு அந்த மன்னிப்பு, கோவலன் இறந்த பின் திறந்த அவையைப் போன்றதே. எனினும் ஒன்று நிலைபெற்றது: தன் துயரைத் தான் பேசும்போது கேளாத செவி, அடுத்தவரும் அதைப் பேசும்போது சற்றேனும் திரும்புகின்றது.

முதலாளித்துவ ஜனநாயகத்தில் பேச்சுச் சுதந்திரம் வெறும் மாயை என முடிப்பது எளிது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் பணமுடையோர் கையில் இருத்தல் உண்மையே. ஆனால் மாயை என்ற சொல் போராடிப் பெற்றவற்றையும் மறைத்துவிடுகின்றது. மணியும் பறையும் ஒலித்து அரசை எதிர்த்த ‘ஜன கோஷ’ இயக்கத்தின் ஓசையும் கருத்து வெளிப்பாடே என உயர் நீதிமன்றம் 1993 இல் ஏற்றது. வானொலி நிகழ்ச்சியொன்று இடைநிறுத்தப்பட்டபோது, அதில் பங்குகொண்ட நேயரின் உரிமையை 1996 இல் அங்கீகரித்தது. இவை மாயைகள் அல்ல. உண்மையானவை, ஆனால் நிலையற்றவை. 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒரு கூற்று பொய்யா என முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அளித்தமை அந்நிலையாமையை உணர்த்துகின்றது.

ஆக, நவீன ஜனநாயகத்தில் பேச்சுச் சுதந்திரம் உண்டா என்ற வினாவுக்கு உண்டு, இல்லை என்ற இரு விடைகளும் போதா. வலியவனுக்கு அது பிறப்புரிமையாகவும் எளியவனுக்கு அது விடுதலைத் தீர்ப்பாகவும் கிடைக்கின்றது. அவ்விடைவெளியில் கழியும் சிறை மாதங்களே ஒரு நாட்டின் ஜனநாயகத்தை அளக்கும் கோல். அதனைக் குறைப்பது சட்டத் திருத்தத்தினால் மட்டும் கூடுவதன்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையை எழுதிய எம். ஏ. நுஃமான் கல்முனையைச் சேர்ந்தவர். எரிந்தது அவருடைய ஊர் நூலகம் அன்று. பிறர் வாய் அடைக்கப்படும்போது தன் வாயைத் திறப்பவர் எத்தனை பேர் உளரோ, அத்தனை அளவே பேச்சுச் சுதந்திரம் ஒரு சமுதாயத்தில் உண்டு.