கடல் கடந்த உடன்போக்கு: ஜும்பா லாஹிரியின் சிறுகதையொன்று – அகமரபு நோக்கு

முந்நீர்ப் பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. இளம்பூரணர் முந்நீரைக் கடலாகவே கொள்ள, நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவாகக் கொள்வர். உரை எதுவாயினும் பிரிந்து செல்வோன் தலைவன், இல்லிருந்து ஆற்றியிருப்போள் தலைவி என்னும் அமைப்பு மாறுவதில்லை. தலைவியை அழைத்துச் செல்லும் உடன்போக்கோ நிலவழியே நிகழ்வது. அன்பு முதிர்ந்தபின் நிகழ்வது. அன்பு தோன்றும் முன்னரே கடல் கடந்து மனைவியை வரவழைக்கும் இக்கால வாழ்வு இவ்விரண்டனுள் எதில் அடங்கும்? வங்கப் பெற்றோர்க்குப் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் ஜும்பா லாஹிரியின் 'மூன்றாவதும் இறுதியுமான கண்டம்' என்னும் சிறுகதை இவ்வினாவை எழுப்புகிறது. 1999இல் வெளிவந்து, 2000இல் புலிட்சர் பரிசு பெற்ற தொகுப்பின் இறுதிக் கதை இது.

1964இல் கப்பலேறி இலண்டன் சென்ற வங்க இளைஞன், 1969இல் அமெரிக்க நூலகமொன்றில் பணி பெறுகிறான். இடையே கொல்கத்தாவில் அவனுக்குத் திருமணம் நடக்கிறது. மணந்த சில இரவுகள் மாலா பெற்றோரை நினைந்து அழுகிறாள், அவன் தேற்றவில்லை. பின் அவன் முன்னே செல்ல, குடியேற்ற ஆவணங்களுக்காக அவள் காத்திருக்கிறாள். 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியதால் திறந்த வழி அது. சட்டம் கணவன் மனைவியரைச் சேர்த்து வைக்கும், நெஞ்சங்களைச் சேர்க்காது. தனிமையைச் சொல்லும் மாலாவின் சுருக்கமான கடிதம் அவனை அசைக்கவில்லை என்பதைக் கதைசொல்லி மறைக்காமல் கூறுவது இதற்குச் சான்றாகும்.

அவள் வந்தபின்னும் இருவரும் ஒரே வீட்டில் அயலாராகவே வாழ்கின்றனர். அகமரபில் பிரிவின் துயர் இடைவெளியால் விளைவது. இங்கோ இடைவெளி நீங்கியபின்னும் பிரிவு நீங்கவில்லை. இதனை 'உடனுறை பிரிவு' எனலாம்.

இந்நிலை மாறுவது, அவன் முன்பு வாடகைக்குத் தங்கிய வீட்டின் உரிமையாளரான 103 வயது திருமதி கிராஃப்டைக் காணச் சென்றபோது. முதியவள் மாலாவைத் தலைமுதல் கால்வரை நோக்கி, குறையற்ற குலமகள் எனத் தீர்ப்பளிக்கிறாள். அவன் சிரிக்கிறான், மாலா அவனை நோக்கிப் புன்னகைக்கிறாள். பாலை வழியில் செல்லும் இணையரைக் கண்டு வியந்துரைக்கும் கண்டோர் இங்கு நினைவுக்கு வருவர். உடன்போக்கிற்கு ஊரார் தரும் ஒப்புதலைக் கண்டோர் கூற்றுத் தருவதுபோல, இவ்வயலூர் முதியவளின் கூற்று அவ்விணையரை இணையராக்குகிறது.

ஆயினும் இத்தீர்ப்பையே கதையின் உயிராகக் கொள்வது பொருந்தாது. தன் மகளின் பாவாடை குட்டையெனக் கடிந்தவள் அம்முதியவள். உடல் மறைக்கும் புடவை அவளது பழைய அளவுகோலுக்குப் பொருந்தியது, அவ்வளவே. புலம்பெயர்ந்த பெண்ணின் மதிப்பை அந்நாட்டார் தரும் சான்றில் காண்பது கதையைச் சுருக்குவதாகும். தீர்ப்பு வரும் முன்னரே ஒன்று நிகழ்ந்துவிடுகிறது. அம்முதியவளின் பார்வைக்கு முன் மாலா நிற்கும்போது, தானும் இவ்வாறே வீடு துறந்து வந்து நின்றவன் என்பதை அவன் உணர்கிறான். அவள்மீது அவனுக்குப் பரிவு பிறக்கும் முதற்கணம் அதுவே. வரவழைத்தல் அலுவலகத்தில் முடிந்தது. உடனுறைவு இங்குத் தொடங்குகிறது.

கதையின் குறையும் இங்கேயே உள்ளது. அகப்பாட்டில் தலைவிக்குக் கூற்று உண்டு. அவளுக்காகப் பேசத் தோழியும் உண்டு. மாலாவுக்கு இவ்விரண்டும் இல்லை. முழுக்கதையும் தலைவன் கூற்றாகவே அமைவதால், அவள் அழுத இரவுகளையும் காத்திருந்த வாரங்களையும் அவன் சொல்லும் அளவிலேயே வாசகர் அறிகின்றனர். தான் அவளைத் தேற்றவில்லை என்று ஒப்புக்கொள்ளும் அவனது நேர்மை அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறதேயன்றி நிரப்பவில்லை.

முந்நீர் விதி இன்று வழக்கில் இல்லை. எனினும் அவ்விதிக்குள் இருந்த தலைவியின் குரல், விதி நீங்கிய கதையில் ஒலிக்கவில்லை. புலம்பெயர் இலக்கியத்தை ஆராய்வோர், மனைவியை அழைத்தவன் யார் என்பதோடு, வந்தவள் என்ன சொன்னாள் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.