இரயில் அருங்காட்சியகங்களில் சேகரிப்பு மறுஆய்வு

அருங்காட்சியகம் ஒன்று தன்னிடமுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதை வைத்துக்கொள்வது, எதைப் பிற நிறுவனத்துக்கு மாற்றுவது, எதை விலக்குவது என்று முடிவு செய்வது சேகரிப்பு மறுஆய்வு எனப்படும். நாணயமும் ஓலைச்சுவடியும் அலமாரிக்குள் அடங்கும். நீராவி என்ஜினுக்கோ தண்டவாளம் வேண்டும், கூரை வேண்டும், ஆண்டுதோறும் துருநீக்கிப் பூச்சுப் பூச ஆள் வேண்டும். எனவே போக்குவரத்து அருங்காட்சியகம் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் சென்னை இரயில் அருங்காட்சியகம் 2002-லும் திருச்சி இரயில் அருங்காட்சியகம் 2014-லும் திறக்கப்பட்டன. சென்னையின் பலம் தெளிவானது: 1955 முதல் பெட்டி தயாரித்துவரும் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையின் வரலாற்றை அது சொல்கிறது. மீட்டர் கேஜ் பாதைகளின் வரலாற்றுக்கு அப்படி ஒரு தெளிவான வீடு அமையவில்லை.

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை செல்லும் பாதை தென்னிந்திய இரயில்வேயின் பழைய முதன்மைப் பாதை. இலங்கைப் பயணிகளை ஏற்றிச்சென்ற போட் மெயில் ஓடியதும் இதில்தான். 2006-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் பேருந்துக்கு மாறிய அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் பலர்.

இத்தகைய மாற்றம் நடக்கும்போது முதலில் காப்பாற்றப்படுவது என்ஜின்தான். பெரியது, படம் எடுத்துக்கொள்ள உகந்தது. ஆனால் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி என்ஜின்கள் மட்டும் 871 தயாரிக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை பல ஊர்களில் மேடையேறி நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பது குற்றமாகாது. எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் தவறு நேர்கிறது. பளபளப்பாக வண்ணம் பூசியதை விட, எந்தப் பணிமனையில் பழுது பார்க்கப்பட்டது, எந்தப் பாதையில் ஓடியது என்ற பதிவேடு உள்ளதே மதிப்பு மிக்கது. வகை, தயாரிப்பாளர், ஆண்டு ஆகிய மூன்றோடு நிற்கும் பெயர்ப்பலகை சிதம்பரத்திலிருந்து வரும் மாணவருக்கு எதையும் சொல்லாது.

பிரிட்டனின் தேசிய இரயில்வே அருங்காட்சியகம் 1893-இல் செய்யப்பட்ட 563 எண் என்ஜினை 2017-இல் ஸ்வானேஜ் இரயில்வே அறக்கட்டளைக்கு மாற்றியது. அதே கம்பெனியின் வேறு என்ஜின்கள் தொகுப்பில் இருந்தன. ஆர்வலர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பும் தேவையானதே, பொதுச்சொத்து கைமாறுவதைக் கேள்வி இல்லாமல் விடக்கூடாது. எனினும் அது பழைய இரும்பாக ஏலம் போகவில்லை, அதைப் பராமரிக்கக்கூடிய கைக்குத்தான் சென்றது. விலக்கலில் பணம் கிடைத்தால் அது சேகரிப்புக்கே பயன்பட வேண்டும் என்பது அனைத்துலக அருங்காட்சியகக் குழுவின் நெறி.

மற்றொரு வழி, பழைய என்ஜினை மீண்டும் ஓட்டுவது. 1855-இல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 பெரம்பூர் பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு 2010-இல் ஓடியது. குழந்தைகளுக்கு அந்த விசில் சத்தம் நூறு பலகைகளுக்குச் சமம். ஆனால் ஓடவேண்டுமானால் பழைய உறுப்புகள் கழற்றப்பட்டுப் புதியவை ஏறும். கழற்றியவை என்ன ஆயின என்று எழுதிவைக்காவிட்டால் மூலப்பொருள் மெல்ல மறைந்துவிடும்.

எளிதில் தொலைந்துபோவன சிறு பொருள்களே. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வராமல் காத்தது டோக்கன் கருவி. நிலையத்தில் அதிலிருந்து வரும் இரும்புக் குண்டைப் பையிலிட்டு, பெரிய வளையத்தோடு டிரைவரிடம் கொடுப்பார்கள். ஓடும் வண்டியிலிருந்து டிரைவர் அதைக் கையில் மாட்டி வாங்குவார். அது கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு வண்டி நகராது. அட்டைப் பயணச்சீட்டு, அதில் தேதி குத்தும் எந்திரம், கைவிளக்கு ஆகியவையும் இவ்வகையே.

பட்டியலிடுபவர் பத்து டோக்கன்களைக் கண்டால் ஒன்பதை 'இரட்டை' என்று ஒதுக்கக்கூடும். தோற்றத்தில் அவை ஒன்றுதான். ஆனால் எந்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்டது என்பது டோக்கனில் பொறிக்கப்பட்டிருக்கும். கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் உரியது என்று பொறித்த ஒன்று கிடைத்தால் அதற்கு இரட்டை கிடையாது. சென்னையிலோ திருச்சியிலோ அது மிகையென்று கருதப்பட்டால், கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு நீண்டகாலக் கடனாக அனுப்பலாம். ஓர் அலமாரித் தட்டு போதும். அதைக் கையாண்ட நிலைய அதிகாரிகளும் பாயிண்ட்ஸ்மேன்களும் இன்று முதியவர்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து பொருளோடு சேர்க்கும் வேலையை மறுஆய்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.