ஆயிரம் ரூபாயும் ஐந்து மணி நேரமும்

பெண்ணியம் இன்று முதலில் கையிலெடுக்க வேண்டியது எது என்ற வினாவுக்குச் சட்டமன்ற இட ஒதுக்கீடு, பணியிடப் பாதுகாப்பு, சொத்துரிமை, சாதி மறுத்து மணம் புரிவோர்க்கான காப்பு எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. அவற்றுள் எதையும் வேண்டாதது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே மாநில அரசுகள் தம் கருவூலத்தைத் திறந்து ஒரு விடையைச் சொல்லிவிட்டன. மேற்கு வங்கம் 2021-இலும், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை 2023-இலும், மகாராட்டிரம் 2024-இலும் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் பணம் செலுத்தத் தொடங்கின. இவற்றுள் தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தனியே ஆராயத்தக்கது. ஏனெனில், வறியோர்க்கு உதவி என்ற அளவில் நில்லாமல், வீட்டில் பெண் செய்யும் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்ற காரணத்தையும் அரசே இத்திட்டத்துக்கு முன்வைத்தது.

இக்காரணத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1972-இல் இத்தாலியின் பதுவா நகரில் கூடிய பெண்ணியவாதிகள் ‘வீட்டுவேலைக்குக் கூலி’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிசி ஆகியோர் வகுத்த அதன் வாதம் எளிது. ஆலைக்குச் செல்லும் தொழிலாளியை உண்பித்து, உடுப்பித்து, அடுத்த நாள் உழைப்புக்கு ஆயத்தமாக்கி அனுப்புவதும், அடுத்த தலைமுறைத் தொழிலாளரைப் பெற்று வளர்ப்பதும் பெண்ணே. ‘சமூக மறுவுற்பத்தி’ எனப்படும் இவ்வுழைப்பின்றி எந்தத் தொழிலும் ஒரு நாளும் நடவாதென்பதால், அதற்குரிய கூலியை அரசு தரவேண்டும் என்றனர். இதை ஏற்காதவருள் ஏஞ்சலா டேவிஸ் முதன்மையானவர். கூலி கொடுத்தால் பெண் அந்த வேலையோடு மேலும் இறுகக் கட்டப்படுவாள் என்றும், வீட்டுவேலையைச் சமூகத்தின் பொறுப்பாக மாற்றுவதே விடுதலைக்கு வழி என்றும் 1981-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். தமிழ்நாட்டுத் திட்டத்தை எடைபோட இவ்விரு நிலைப்பாடுகளும் இன்றும் பயன்படுகின்றன.

திட்டத்தின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டபோது ஒரு கோடியே ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 12,700 கோடி ரூபாய். கணவன் கைக்கோ மகன் கைக்கோ போகாமல் பெண்ணின் பெயரிலுள்ள கணக்குக்கே பணம் நேராகச் சேர்கிறது. அதை எதற்குச் செலவிட்டாள் என்று அவள் எந்த அலுவலருக்கும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. மணமாகாத தனிப் பெண்களும் கணவனை இழந்தோரும் குடும்பத்தைத் தாங்கும் திருநங்கையரும் குடும்பத் தலைவியராகவே கொள்ளப்பட்டனர். பொருளாதார அறிஞர் சிலர் இதை ‘இலவசம்’ என்று இகழ்வதற்கு மறுமொழி தேவையில்லை. பெருந்தொழில்களுக்கு அளிக்கப்படும் வரிச்சலுகையை அவர்கள் அச்சொல்லால் குறிப்பதில்லை.

இனிக் குறைகளைப் பார்க்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை, அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை, அதில் கழிக்கிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். அதிலும் அத்தகைய ஆண்கள் நூற்றுக்கு 27 பேரே. பெண்களோ 81 பேருக்கும் மேல். இக்கணக்கைக் கொண்டு பார்த்தால் ஆயிரம் ரூபாய் என்பது மணிக்கு ஏழு ரூபாயைக்கூட எட்டவில்லை. தொகை சிறிது என்பதைக் காட்டிலும் ஆழமான முரண் திட்டத்தின் விதிகளில் உள்ளது. ஆண்டுக்கு 3,600 அலகுக்கு மேல் மின்சாரம் செலவிடும் குடும்பம், இரண்டரை இலட்சத்துக்கு மேல் வருமானமுள்ள குடும்பம், நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பம் ஆகியவற்றின் பெண்களுக்குத் தொகை இல்லை. உழைப்புக்கான அங்கீகாரம் என்றால் கணவனின் வருமானமும் வீட்டின் மின்கட்டணமும் அதில் ஏன் குறுக்கிட வேண்டும்? கூலிக்கு வருமான வரம்பு வைப்பார் இல்லை. ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர் என்ற விதியோ இன்னும் விந்தையானது. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரின் பெயரில் தொகை வர, விடியலில் எழுந்து அடுப்பேற்றுவது மருமகளாக இருக்கக்கூடும். திட்டம் உழைப்பைக் கணக்கிடவில்லை, அட்டையையே கணக்கிட்டது என்பது இதனால் தெளிவாகும்.

திட்டம் தொடங்கிய அதே ஆண்டில் நீதிமன்றம் வேறொரு வழியைக் காட்டியதையும் இங்கே கருத வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் பொருளீட்டுவதற்கு மனைவியின் இல்லப் பணியே இடம் தந்தது என்பதால், அவன் பெயரில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மாதாந்திரத் தொகையைவிட இது கொள்கை அளவில் வலியது. ஆனால் வழக்காடும் வசதி பெற்ற சிலருக்கே எட்டக்கூடியது.

பெண்ணை வீட்டுவேலையோடு கட்டுகிறதா, அதிலிருந்து விடுவிக்கிறதா என்னும் டேவிஸின் அளவுகோலைக் கையிலெடுத்தால் அரசின் வேறிரு திட்டங்கள் உரிமைத் தொகையைவிட உயர்ந்து நிற்கின்றன. 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தில் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறாள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. தொகை அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பேருந்துச் சலுகையைப் பெற ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும். வேலைக்கோ மருத்துவமனைக்கோ தாய்வீட்டுக்கோ செல்ல எவரிடமும் கைநீட்டாமல் செல்ல முடிகிறது. நகரப் பேருந்து ஓடாத சிற்றூர்களுக்கு இதனால் பயனில்லை என்பது உண்மை. அது திட்டத்தை விரிவாக்க வேண்டிய காரணமே தவிரக் கைவிடுவதற்கான காரணமன்று.

இரண்டாவது திட்டத்தைப் பெண்களுக்கானது என்று எவரும் சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், குழந்தைகளின் பசியை நோக்கியே வகுக்கப்பட்டது. ஆனால் விடியற்காலையில் நூற்றுக்கணக்கான சமையலறைகளில் தனித்தனியே நடந்த வேலையை அது ஒரு பள்ளிச் சமையற்கூடத்துக்கு மாற்றியது. வயல் வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ ஏழு மணிக்குக் கிளம்பும் தாய்க்கு ஆயிரம் ரூபாய் வாங்கித்தர முடியாத ஒன்றை, அதாவது நேரத்தை, அது தருகிறது. அந்த உணவைச் சமைப்போரும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே என்பதால், வீட்டில் ஊதியமின்றி நடந்த வேலை வெளியே ஊதிய வேலையாயிற்று. அவ்வூதியம் மிகக் குறைவு என்பது தனியே தீர்க்கப்பட வேண்டிய குறை.

வன்முறையை நிறுத்துவதே எல்லாவற்றுக்கும் முன் நிற்கவேண்டும் என்போரின் வாதத்துக்கு இங்கு இடமளித்தாக வேண்டும். உயிர் முதலில் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிக்கும் வீட்டைவிட்டுப் பெண் வெளியேறாமல் இருப்பதற்குச் சட்டமின்மை காரணமன்று. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இலேயே வந்துவிட்டது. கைக்குழந்தையை எங்கே விட்டு எந்த வேலைக்குப் போவது என்ற கேள்விக்கு விடையின்மையும் ஒரு பெருங்காரணம். இதே சிக்கலை ஆலைகளிலும் காணலாம். நாட்டின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உள்ளனர் என்று பெருமை பேசப்படுகிறது. அவர்களுள் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் பலருக்கு அவ்வேலை திருமணத்தோடு முடிந்துபோவதைப் பெருமைக் கணக்கு சொல்வதில்லை. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு கைப்பேசி ஆலைமீது 2024-இல் எழுந்த புகார், குழந்தைப் பராமரிப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்துவதன் நேரடி விளைவு.

ஆகவே இன்றைய பெண்ணியத்தின் முதல் கோரிக்கை பராமரிப்புப் பணியைப் பகிர்வதாகவே இருக்கவேண்டும். உரிமைத் தொகை அதற்குத் துணை நிற்கலாம், ஈடாகாது. அங்கன்வாடி மையம் தாயின் வேலை முடியும் வரை திறந்திருப்பதும், மதிப்பூதியம் என்ற பெயரில் சிறுதொகை பெறும் அங்கன்வாடிப் பணியாளர் முறையான ஊதியம் பெறுவதும் அக்கோரிக்கையின் ஒரு பாதி. மறுபாதி ஆண்களைப் பற்றியது. அதில் சட்டம் இன்னும் தொடக்கப்புள்ளியையே எட்டவில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கு 26 வார விடுப்பு அளித்து, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தந்தைக்கு அச்சட்டம் ஒரு நாள் விடுப்பும் தரவில்லை.